இடப்பக்கம் முதலில்

மேடையிலிருக்கும் பெரியோர்களே, அம்மையாரின் மகளே, உடன் உழைத்த தோழர்களே! அம்மையாருக்கான இந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள்; மேடைப் பேச்சு எனக்கு வராது. தடுமாறாமல் இருக்கத் தாளில் வரிசை போட்டு வந்திருக்கிறேன்.

1. தலைவர் அம்மையாரின் உழைப்பு
2. எங்கள் வாக்குவாதம்
3. அவர் செய்த ஒரே பிழை
4. நம் கடமை

நிரல் எழுதுவதற்கான கணினி மொழியை உருவாக்கும் நம் குழுவுக்குப் பதினோரு ஆண்டுகள் தலைவர் அவர். ஜன்னல் இல்லாத அறை. ஒரு வெள்ளைப் பலகை. முகம் தெரியாதவர் குறை சொல்லிக் கடிதம் போட்டாலும் தாமே பதில் எழுதினார். இப்படி ஒருவரை இனி எங்கே தேடுவோம்!

அடுத்தது வாக்குவாதம். ஒரு கழித்தலின் இருபுறமும் கணினி செய்ய வேண்டிய வேலை இருந்தால், எதை முதலில் செய்வது? இடப்பக்கத்தைத்தான் என்றார் அம்மையார். நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரின் வசதிக்கு விட்டுவிடலாம், நிரல் வேகமாக ஓடும் என்றேன், மொழியின் விதிக் கையேட்டை எழுதிவந்த நான்.

"படிக்கிறவங்க இடதுலேருந்துதானே படிக்கிறாங்க? மெஷினுக்கு மட்டும் என்னய்யா அவ்ளோ அவசரம்?"

"பத்துல ஒரு பங்கு நேரம் மிச்சம்மா. ஒருவேளை அதுக்கு மேலேயும்…"

"ஒருவேளை! அந்தச் சொல்லை எடுத்துட்டா உங்க கையேடு பாதியாயிடும்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மூன்று வாரம் நச்சரித்தேன். கடைசியில், "சரி, எழுதிக்கோங்க" என்றார். 'வரிசை உறுதியில்லை' என்று கையேட்டில் எழுதினேன்.

மூன்றாவது, மருந்துக் கிடங்கின் குளிர் அறை. அங்கே ஓடிய நிரல் ஒரு நிமிட இடைவெளியில் வெப்பமானியை இருமுறை படித்து, முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். என் கையேட்டு வரி இடம் கொடுத்ததால், புதிய கம்பைலர் வலப்பக்கத்தை முதலில் படிக்க வைத்தது. விடை தலைகீழானது. சூடேறிய அறையைக் குளிர்கிறது என்று எண்ணி நிரல் குளிரூட்டியை நிறுத்தியது. மருந்து அத்தனையும் வீண். விசாரணையில் அம்மையார் எழுந்து, "பொறுப்பு என்னுடையது" என்றார். அன்றே பதவியை விட்டார். பின்வரிசையில் இருந்த நான் வாய் திறந்தேனா? இல்லை!

சற்றுமுன் வாசலில் அவர் மகள் கேட்டார்: "மாமா, அந்தக் கிடங்கு விஷயத்துல அம்மாதான் தப்புப் பண்ணாங்களா?"

"அது பழைய கதைம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நான்காவது, நம் கடமை. அடுத்த பதிப்பில் இடப்பக்கமே முதலில் என்று உறுதியாக எழுதுவோம். பழைய நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். அம்மையார் கேட்டதை இப்போதாவது செய்து முடிப்போம்!

அம்மையாரின் மகளே, உன்னைப் பார்த்துச் சொல்கிறேன். இந்தத் தாளில் மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு. உங்க அம்மா தப்புப் பண்ணலைம்மா. நான்தான் பண்ணினேன்.