அறுபது கிலோ கேரட்டுக்கு நானே பொறுப்பு

இந்த ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யானாலும் இனி என் தொண்டையில் ரொட்டி இறங்காமல் போகட்டும். எங்கள் தெருவின் ஏழு பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்குக் கேரட் பிடிக்கும். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் மர்கிலானில் பக்கத்து வீட்டில் கல்யாணம் வந்தது. எந்தக் கல்யாணமானாலும் விருந்துக்கு முந்தின நாள் மதியம் தெருவின் ஆண்களெல்லாம் கல்யாண வீட்டு முற்றத்தில் கூடி, கறியும் கேரட்டும் போட்டுப் பொங்கும் பிலாவ் சோற்றுக்கான மஞ்சள் கேரட்டைத் தீக்குச்சி கனத்தில் கத்தியால் அரிவோம். அறுபது வருடமாக நானும் அரிகிறேன். அறுபது வருடமாகக் கனமாகத்தான் அரிகிறேன். எங்கள் பிலாவ் சமையற்காரன் மாமசாலி என் பால்ய சிநேகிதன். ஒவ்வொரு தடவையும் என் தட்டை எட்டிப் பார்ப்பான்.

"டேய் சத்வால்தி, இது கேரட்டா, உத்திரமா? இத வச்சு சோறு பொங்கவா, வீடு கட்டவா?"

ஒரு மனிதனைக் குற்றத்தில் இறக்க இது போதும் என்பது என் கருத்து. ஃபுட் பிராசசர் வாங்கக் கிளம்பினேன்.

கடையில் இருந்த பெண் தில்ராபோ பொறுமைசாலி.

"வீட்ல எத்தன பேரு தாத்தா?"

"நானும் என் பெண்டாட்டியும்."

"அப்போ சின்ன ஜாரே போதும்."

"கேரட் அறுபது கிலோ இருக்கும்மா."

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "முயல் வளக்கறீங்களா தாத்தா?"

மூன்று எந்திரங்கள் இருந்தன. முதலாவதன் ஜாரில் குருவிக்குக் கஞ்சி காய்ச்சலாம். இரண்டாவது மாவு பிசையும், சாறு பிழியும், ஆனால் குச்சி குச்சியாக நறுக்கும் தகடு அதில் இல்லை. மூன்றாவதன் வாய் அகலம், முழுக் கேரட்டும் நிமிர்ந்தபடியே இறங்கும். தகடுகள் ஐந்து. அதையே எடுத்தேன்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல சேந்தாப்ல ஓட்டாதீங்க, சூடாயிடும். கையால தள்ளாதீங்க, இந்தக் கட்டையால தள்ளுங்க" என்றாள். இரண்டாவது புத்திமதியைக் கேட்டேன்.

அரியும் நாள் வந்தது. இடுப்பு வலிக்கிறது, வீட்டில் உட்கார்ந்து அரிகிறேன் என்று சொல்லி ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இடுப்பு வலிக்காரன் அறுபது கிலோ தூக்குவதை யாரும் விசாரிக்கவில்லை. எந்தத் தகடு எதற்கு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் கண்ணாடி வேறு சட்டையில் இருந்தது. ஐந்தில் அழகானதை மாட்டினேன். அது துருவுகிற தகடு.

முதல் கேரட் 'சர்'ரென்று மறைந்தது. நான் சிரித்தேன். இரண்டாவதுக்கு என் பெண்டாட்டி ஹூரிநிசாவும் சிரித்தாள். பத்தாவதில் எந்திரம் நடக்க ஆரம்பித்தது. தனியாக விட மனசில்லாமல் நாங்களும் கூடவே நடந்தோம், முற்றத்தை இரண்டு சுற்று. பதினோரு நிமிடத்தில் மூட்டை காலி. நிறுத்தத்தான் முடியவில்லை. வெங்காயம் போனது, பூசணி போனது, ஒரு சோப்புக்கட்டி போனது, துடைப்பத்தில் பாதி போனது. சேவல் யாரும் சொல்லாமலே கூரையில் ஏறிக்கொண்டது.

"இன்னும் என்ன இருக்கு?" என்றேன்.

"உங்க தொப்பி இருக்கு" என்றாள்.

அதுவும் போனது.

பிறகு நான் செய்ததுதான் கொடுமை. கேரட் துருவலை மட்டும் அள்ளிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனேன். பெரிய அண்டாவின் அடியில் அதைக் கொட்டி, மேலே மற்றவர்கள் அரிந்த அழகான குச்சிகளைப் பரப்பி மூடினேன்.

மறுநாள் கொப்பரையில் அந்தத் துருவல் கரைந்தது. அரிசி குழைந்தது. நானூறு விருந்தாளிகள் கஞ்சி குடித்தார்கள். "பல் இல்லாதவங்களுக்குத் தனியா வச்சதா இது?" என்று பெண்ணின் மாமன் சபையில் கேட்டார். எங்கள் பக்கத்தில் பிலாவைக் குழையவிட்ட சமையற்காரன் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொழிலை விட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு பெரியவர்களும் கூடினார்கள். மாமசாலி கரண்டியை மேசையில் வைத்தான். நாற்பது வருடமாக அந்தக் கையில் வேறெதையும் நான் பார்த்ததில்லை. அது இல்லாமல் தன் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே அவனுக்குத் தெரியவில்லை.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இல்லீங்க, தண்ணிய நான்தான் மறந்துபோய் ரெண்டு தடவ ஊத்தி..." என்று மாமசாலி ஆரம்பித்தான்.

"குற்றவாளி பேசறப்ப குறுக்க பேசாதடா" என்று அடக்கினேன்.

தலைவர் எர்காஷ்பாய் தாடியைத் தடவினார். "பிலாவ் கேரட்ட எந்திரத்துல போட்டியா?"

"போட்டேங்க."

"துருவினியா?"

"துருவினேங்க."

ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். எந்திரத்தைக் கொண்டுவா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏனோ எல்லாருமே நிம்மதியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டார்கள். சாகும்வரை நான் கேரட்டைத் தொடக் கூடாது, வெங்காயம் உரிக்கலாம் என்று தீர்ப்பானது. தலைவர் கரண்டியை மாமசாலி பக்கம் நகர்த்தினார். அவன் என்னைப் பார்க்கவில்லை. அதைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஆகவே குற்றவாளி நான்தான், சந்தேகமே வேண்டாம். கேரட் அரிந்த அன்று விடிந்ததிலிருந்து இருட்டும் வரை எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, அந்த ஏழு பேர் வீட்டிலும்தான்.