குதிரை வண்டிக்காரனின் கால்

மிச்சம் என்ற ஊருக்குப் போகும் ட்ராமில், இரண்டு விரல்கள் இல்லாத ஒருவர் பக்கத்திலிருந்த இளையவரிடம் சொன்னார்:

"விரல் போனது பேக்கரி மெசினிலை. வழக்குப் போனது குதிரை வண்டிக்காரன்ரை காலாலை."

"ஆர் அண்ணை அவன்?"

"செத்து நூறு வருசத்துக்கு மேல. அவன்ரை கால் முறிஞ்ச வழக்கிலை, இப்படியான நட்டஈட்டு அப்பீலைக் கேக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லையெண்டு மேல்நீதிமன்றம் சொன்னதாம். என்ரை அப்பீலுக்கு வந்த ஜட்ஜ் அந்தப் பழைய தீர்ப்பை வாசிச்சுப்போட்டு என்னைப் போகச் சொல்லிட்டார்."

"உங்கடை கையைப் பாத்தவரோ?"

"அந்தக் காலைப் பற்றித்தான் ஒரு மணித்தியாலம் கதைச்சவை."

"வழக்கு வெல்ல அந்தோனியாருக்கு நேர்த்தி வச்சனீங்கள் எல்லோ?"

"ஓம். இனி மாதாவிட்டைத்தான் அப்பீல்."

"அவவும் பழைய தீர்ப்பை எடுத்துக் காட்டினா?"

"காட்டட்டும். அதுக்கு முதல் அவ என்ரை கையை ஒருக்காப் பாப்பா."