தலைமாட்டுச் சாவி

செங்கமலம்: இன்னொருக்கா சொல்லுங்க மாமா.

ராசாங்கம்: எத்தனை தடவடி? வெயில்ல தலைக்குத் துண்டு. தண்ணியில உப்பு, எலுமிச்சம்பழம். கொழாத் தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கணும். போதுமா?

செங்கமலம்: தூக்கம்?

ராசாங்கம்: ஏஜெண்டு ஜமால் பாய் சொன்னதுல அது இல்லியே.

செங்கமலம்: நான் சொல்றேன். கண்ணு முழிக்கக் கூடாது. ராத்திரி வேலை குடுத்தா வேணாம்னுடுங்க.

ராசாங்கம்: மஸ்கட்டுக்குப் போயி, எம்பொண்டாட்டி தூங்கச் சொன்னான்னு சொல்றேன். அடுத்த ஏரோப்ளேன்லயே ஏத்தி வுட்ருவான்.

செங்கமலம்: வுடட்டும்.

ராசாங்கம்: வாயக் கழுவு. பஸ் வர்ற நேரம்... பாய் அரியலூர் ரயில் டேசன்ல காத்துக் கெடப்பாரு.

செங்கமலம்: அங்க எத்தனை மாடிக் கட்டடம்?

ராசாங்கம்: பத்து, பன்னெண்டு இருக்குமாம்.

செங்கமலம்: கீழயே நின்னு கலவை போடுறேன்னு கேட்டுக்கங்களேன்.

ராசாங்கம்: கொத்தனாரு கலவை போடவா கடல் தாண்டிப் போறான்? இங்கதான் நான் சாரத்துல கால் வெச்சாலே, புள்ள அழுவுது, மாடு அவுத்துக்கிச்சுன்னு ஆள் அனுப்பி எறக்கிடுவ. அங்க யாரை அனுப்புவ?

செங்கமலம்: அதான்...

ராசாங்கம்: அழுவாத புள்ள. பொட்டிய மூடு. இரு, இரு... என்ன இது கனமா?

செங்கமலம்: ஒண்ணுமில்ல. இருக்கட்டும்.

ராசாங்கம்: மாட்டுக் கொட்டாய்ச் சாவி. அந்தப் பூட்டு ஒடைஞ்சே போச்சு. இதை ஏன் வெச்ச?

செங்கமலம்: காத்து கருப்பு அண்டாது. இரும்புல்ல.

ராசாங்கம்: அந்த வெயில்ல எந்தப் பேய் இருக்கும்? அதுவும் துண்டு போட்டுக்கிட்டுத்தான் திரியணும்.

செங்கமலம்: சிரிக்காதீங்க. உள்ள வைங்க.

ராசாங்கம்: இது நம்ம தலைமாட்டுலயே கெடக்குமே.

செங்கமலம்: ஆமா.

ராசாங்கம்: செங்கமலம்... எங்கம்மா ஒங்கிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா?

செங்கமலம்: அத்தை ஒண்ணும் சொல்லல.

ராசாங்கம்: பின்ன யாரு? அம்மாவத் தவிர இந்தத் திருமானூர்ல இதைத் தெரிஞ்சவங்க யாருமில்லியே.

செங்கமலம்: எதை மாமா?

ராசாங்கம்: ...சின்ன வயசுல எனக்கு வலிப்பு வரும். பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சிட்டாங்க. நானும் சொல்லல. கோவமா?

செங்கமலம்: இல்ல. மெட்ராஸ்ல மெடிக்கல் பாத்த டாக்டரு கேட்டாரா?

ராசாங்கம்: கேட்டாரு. இல்லைன்னேன்.

செங்கமலம்: அய்யோ.

ராசாங்கம்: பொய்யில்ல புள்ள. நீ வந்ததுலேருந்து ஒருக்காகூட வரல. ஒன் ராசி. மாத்திரையக்கூட நிறுத்திட்டேன்.

செங்கமலம்: எப்ப?

ராசாங்கம்: போன பொங்கலோட. அதான் தைரியமா ஏறப்போறேன். பன்னெண்டு மாடி என்ன, இருவதுகூட ஏறுவேன்... ஏன் கைய இப்படிப் புடிக்கிற? வுடு. பஸ் சத்தம் கேக்குது.

செங்கமலம்: போவட்டும். உக்காருங்க.

ராசாங்கம்: என்னடி...

செங்கமலம்: விடிஞ்சா சில நாளு ஒடம்பு வலிக்குது, நாக்கு கடிபட்டிருக்குன்னு சொல்வீங்களே.

ராசாங்கம்: தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேன்னு நீதானே சொன்ன?

செங்கமலம்: மனசு வுட்ருவீங்கன்னு அப்படிச் சொன்னேன் மாமா. அந்தச் சாவியை உங்க கையில அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நான்தான் உக்காந்திருப்பேன். போன செவ்வாக்கெழமைகூட.