மூன்று வருடத் தலைவி

"ஹலோ... ஹலோ, முத்துச்சாமி அண்ணே, நான் பாக்கியராஜ் பேசுறேன். திண்டுக்கல்லுல இருந்து... ஆமாமா, வந்துட்டாங்க. ரெண்டு பேரு... வெள்ளையாத்தாண்ணே இருக்காங்க, பெறகு எப்பிடி இருப்பாங்க... அத விடுங்க, எம் பொஞ்சாதியச் செத்தக் கூப்பிடுங்க. அவசரம்... இல்ல, வைக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பேருந்து நிலையத்தை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு நின்றார் பாக்கியராஜ். சிறுமலைச் சிறு காப்பி விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அவர். எதிரே பங்சர் கடையில் வேன் ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. அதன் நிழலில், ஜெர்மனியிலிருந்து காப்பி விவசாயிகளைப் பார்க்க வந்த ஒரு அம்மாளும் ஒரு ஐயாவும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே, மொழிபெயர்த்துச் சொல்ல வந்த கல்லூரி ஆசிரியை வினோலியா. அவர்களுக்குப் பிடித்துப்போனால் சங்கத்தின் முப்பத்தோரு குடும்பத்துக் கொட்டையும் இனி வியாபாரியிடம் போகாது, நேரே கப்பலேறும். 2001-இல் போட்ட மனுவுக்கு 2004 ஜனவரியில்தான் ஆள் வந்திருந்தது.

மனைவி சகாயசெல்வி முத்துச்சாமியின் மளிகைக் கடைக்கு வந்து சேர ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் எதை முதலில் சொல்வது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

"செல்வி... நாந்தான்... சாப்ட்டேன், சாப்ட்டேன்... பங்சர். ஒன்றரை மணி நேரத்துல வந்துருவோம். மொதல்ல காப்பிய முடிச்சுருவோம். நம்ம வீட்டுல நம்ம காப்பியக் குடிக்கணுங்கறாங்க... தெரியும், தெரியும், நம்ம வீட்டுல டீத்தூள்தான் இருக்கு... களத்துல காயிறத அப்பிடியே கரைச்சுக் குடுக்க முடியுமா. பேச்சாயி அக்காகிட்டக் காப்பித்தூள் இருந்தா வாங்கி வையி... எதுக்கு வாராங்கன்னா... நியாய வணிகம்னு பேரு... நியாயம். நியாயமா வாங்குறது... இல்ல, கோயில் சம்பந்தப்பட்டதில்ல. அங்க காப்பி குடிக்கிறவங்க, வெளைவிச்சவனுக்குக் காசு ஒழுங்காப் போய்ச் சேருதான்னு பாத்துத்தான் குடிப்பாங்களாம்... ஆமா, அம்புட்டு யோசிச்சுட்டு ஆறுனதத்தான் குடிக்கணும். நானும் அதத்தான் கேட்டேன்."

மனுவோடு வந்த நாற்பது பக்கப் புத்தகத்தை இரண்டு தரம் படித்து அவர் விளங்கிக்கொண்டது அவ்வளவுதான். சங்கத்தில் பெண்களுக்கும் பொறுப்பு இருக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் நன்றாக விளங்கியது. அதைப் படித்துவிட்டு அவர் செய்த காரியம்தான் இப்போது வந்து நின்றது. ரயிலை விட்டு இறங்கியதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, உங்கள் தலைவி எங்கே என்பது.

"செல்வி, ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது... கடன் எதுவும் வாங்கல... யாரும் சாகல. நம்ம சங்கத்துக்குத் தலைவி இருக்காங்கல்ல... இருக்காங்க. நீதான்."

மறுமுனையில் கடைத் தராசில் யாரோ பருப்பைக் கொட்டுவது மட்டும் கேட்டது.

"ஹலோ... நீதான்னேன்... மூணு வருசமா... பாரத்துல பொம்பளப் பேரு கேட்டிருந்தாங்க, அவசரத்துக்கு உம் பேரப் போட்டேன்... சொல்ல நேரம் வாய்க்கல... ஆமா, மூணு வருசமாத்தான் வாய்க்கல. இன்னொண்ணு. கையெழுத்து... நாந்தான் போட்டேன், எடது கையால... ஒரு பதினாறு எடத்துல. அதனால நீ ஒரு தாள எடுத்து அதே மாதிரிப் போட்டுப் பழகிக்க. 'ச'வுக்குக் கீழ வாலு இழுத்திருக்கேன். கொம்பு கொஞ்சம் படுத்திருக்கும்... ஒங் கையெழுத்துதான். ஆனா நான் போட்டது. அத மாதிரி நீ போடணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சின் கோணல் அவர் காதுக்கே விளங்கியது. பூத்துக்காரர் செய்தித்தாளைக் கீழே இறக்கிவிட்டு அவரையே பார்த்தார்.

"சிரிக்கிறியா, அழுவுறியா... அய்யய்யோ, உண்மையச் சொல்லிராத. முப்பத்தோரு குடும்பம் செல்வி... ஆமா, நியாயத்துக்குத்தான் வாராங்க... ஆமா, தப்புத்தான்... ஆமா... ஆமா."

பாக்கியராஜ் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் சண்டை முற்றினால் எல்லாரும் அவரை விட்டுவிட்டுச் செல்வியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எந்தக் காட்டில் எப்போது பழம் பழுக்கும், யார் மூட்டையில் கல் கிடக்கும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இதை அவர் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"அவசரத்துல எழுதல, செல்வி. யோசிச்சுத்தான் எழுதினேன். நீ இருந்தா சங்கம் ஒடையாதுன்னு பட்டுச்சு... நெசமா... என்னது, யாரு கை தட்டுறா... சங்கத்து ஆளுங்க எல்லாரும் அங்கயா இருக்காங்க... வெள்ளக்காரங்களப் பாக்கவா. சரி, இவ்வளவு நேரமும்... ஸ்பீக்கர்லயா. முத்துச்சாமி அண்ணே, அந்தப் பொத்தான எதுக்கண்ணே அமுக்குனீங்க."

இடது கைச் சங்கதி, படுத்த கொம்பு, எல்லாம் மலை முழுக்கக் கேட்டாகிவிட்டது. அவருக்குக் காது சுட்டது.

"சொல்லு செல்வி... இப்பவே ஓட்டா. கடையிலயேவா... எத்தன கை... எல்லாருமா. ஆம்பளைங்களுமா... சந்தோசம். அப்ப இனி நீ நெசமாவே தலைவி... அடுத்த தீர்மானம் என்ன... செயலாளரா. செயலாளர் நாந்தான், அதுல என்ன... பேச்சாயி அக்காவா. அக்காவுக்கு எத்தன கை... ஓ. அதுவும் எல்லாருமா."

கதவு திறந்தது. வினோலியாவும் ஜெர்மனி அம்மாளும் நின்றார்கள். இவ்வளவு நேரம் யாரோடு பேச்சு என்று கேட்டாள் வினோலியா.

"இரு செல்வி, அவங்க இங்கயே வந்துட்டாங்க... சொல்லிறணுமா. முழுசுமா... கையெழுத்தும்... சரி. சரி, நானே சொல்றேன்."

ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூன்று வருடத்துச் சங்கதியையும் மூன்று நிமிடத்துத் தேர்தலையும் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். வினோலியா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழைய மனுவைக் கிழித்துவிடலாம், புதுத் தலைவியிடமே புதிதாக எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டாள்.

"செல்வி, நான் யாருன்னு கேக்குறாங்க. என்னன்னு சொல்லட்டும்... ஹலோ... செல்வி..."

தலைவி வைத்துவிட்டிருந்தாள். பாக்கியராஜ் ரிசீவரை மாட்டிவிட்டு வினோலியாவிடம் திரும்பினார்.

"தலைவியோட வீட்டுக்காரருன்னு எழுதிக்கச் சொல்லுங்க டீச்சர்."