நீந்துகிற எலிக்குக் கை கொடுக்கக் கூடாது

எலிக்கு முதுகைத் தடவிக்கொடுத்தால் பிடிக்கும். ஆய்வகத்து வெள்ளைச் சுண்டெலியைச் சொல்கிறேன். இரண்டு விரலால் மெதுவாகத் தடவினால் உள்ளங்கையிலேயே தூங்கிவிடும். அங்கே என் முதல் வேலை அதுதான். எலி என் கைக்குப் பழக வேண்டும், மருந்தெல்லாம் அப்புறம்.

மேடம், நீங்கள் அம்மாவிடம் எழுதி வாங்கிய வாக்குமூலத்தைப் படித்தேன். ‘குளியலறையில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னதாக இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அம்மா அதே குளியலறையில்தான் வழுக்கி விழுந்துகொண்டிருந்தாள். அத்தனை வழுக்கலுக்கு அந்தத் தரை தேய்ந்தே போயிருக்க வேண்டும்.

அப்பா பெல்ட்டால் அடிப்பார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு, அதில் தொங்கும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்காக அம்மா வாங்கிய அடி எந்தச் சான்றிதழிலும் இல்லை.

பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. மூளையில் புரதக் கழிவு கட்டி கட்டியாகச் சேர்ந்து நரம்பை நெரிக்கிற நோய். முதலில் என் பெயர் போயிற்று, அப்புறம் வீட்டு வழி, கடைசியில் கோபம். மனிதர் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டார். அம்மா சாப்பாடு ஊட்டினால், “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று அவளைக் கேட்பார். என் புத்தகத்தைக் கிழித்துப் போட்டவர் என்னை “டீச்சரம்மா” என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, “உங்கப்பா மாதிரி தங்கமான மனுஷன் உண்டா?” என்பாள்.

“அவருக்கு எல்லாம் மறந்துடுச்சு. உனக்குமா?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“மறக்கலைடி. ஆனா இப்பதான் அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாரு. இதையும் கெடுத்துடாதே.”

அடித்தவருக்கு மறதி, அடி வாங்கினவளுக்கு ஞாபகம். எந்த ஊர் நியாயம் இது? அவருக்கு ஞாபகம் வர வேண்டும், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

அதே நோய்க்கு எங்கள் ஆய்வகம் செய்த மருந்தில் இரண்டு சரக்கு. ஒன்று மூளையில் சேர்ந்த புரதக் குப்பையைக் கூட்டித் தள்ளும். இன்னொன்று நரம்பு வளர்ச்சிக் காரணி, பட்டுப்போன நரம்பைத் துளிர்க்க வைக்கும். நோயுள்ள எலிக்கு மூக்கில் சொட்டு விடுவோம். பிறகு தொட்டியில் நீந்த விடுவோம். கலங்கலான தண்ணீருக்கடியில் சின்னதாக ஒரு மேடை ஒளிந்திருக்கும். நோயுள்ளது சுற்றிச் சுற்றி வரும். குணமானது பழைய இடத்துக்கு நேராகப் போய் ஏறிக்கொள்ளும். ஒரே விதி, நீந்தும்போது நடுவில் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சோதனை செல்லாது.

எங்கள் எலிகள் ஏறின. ஆனால் ஞாபக நரம்போடு வலி நரம்பும் சேர்ந்து துளிர்த்துவிட்டது. தடவினால் தூங்கிய எலி, விரல் பட்டாலே கீச்சிட்டது. கூண்டில் உடனிருந்த எலியின் காதைக் கடித்துத் துண்டாக்கியது. பேராசிரியர் சிரித்தார். “ஞாபகம் வந்தா கோபம் வராதா பின்னே? எங்க மாமியாரை வந்து பாரும்மா.” மனிதருக்குக் கொடுக்கிற பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள். மருந்து குளிர்பெட்டியில் கிடந்தது. சாவி என்னிடம் இருந்தது.

அம்மாவிடம் சளிக்கு என்றேன். படித்த மகள் சொன்னால் மறுபேச்சு ஏது? அவளே அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் பொறுத்துக்குங்க. நம்ம பொண்ணு நல்லதுக்குத்தான் செய்யும்.”

ஒரு காலையில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அதன்பின் சட்டை உரசினாலே முகத்தைச் சுளித்தார். அது என்னவென்று எனக்குத் தெரியும். நான் நிறுத்தவில்லை. மன்னிப்பு இன்னும் வரவில்லையே.

அன்று அம்மா ஈரத்துணியால் அவர் முதுகைத் துடைத்தாள். அலறி எழுந்தார். நேராகச் சமையலறைக்கு நடந்தார், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கதவுக்குப் பின்னால் கையை விட்டார்.

நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன்.

“பார்த்துட்டு நிக்கிறியே, பிடிடி அவரை” என்றாள் அம்மா.

நான் கை கொடுக்கவில்லை. அவர் கை ஓயும்வரை நின்றேன். பெல்ட்டின் கொக்கி பட்ட அம்மாவின் கண்ணில் இனிப் பார்வை வராது என்கிறார்கள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தான் செய்தது தப்பென்று என்றைக்காவது தெரிந்திருந்தால்தானே அது ஞாபகத்துக்கு வர.

பெல்ட் எப்படி அங்கே வந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவர் கோபத்தை மறந்த அன்றே அம்மா பழையதை நெருப்பில் போட்டுவிட்டாள். அதே அகலம், அதே பித்தளைக் கொக்கி. கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்து அந்த ஆணியில் மாட்டியது நான். மேடையைப் பழைய இடத்தில் வைக்காமல், எலிக்கு ஞாபகம் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

சொட்டு நின்றதும் அவர் மறுபடி மறக்க ஆரம்பித்துவிட்டார். நேற்று ஆஸ்பத்திரியில் என்னிடம், “டீச்சரம்மா, அந்தம்மா கண்ணுக்கு என்னாச்சு?” என்று கேட்டார். பாவமாம் அவருக்கு.

அம்மா என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் மேடம், எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன் என்று.