கடைசி ஆள் வரும்வரை

எங்கள் ஆட்கள் ரயிலில்கூட ஒன்றாக உட்கார மாட்டார்கள், மேடம். விழுப்புரத்தில் ஒரே பாசஞ்சரில் ஏறி, ஆளுக்கொரு பெட்டியில் உட்கார்ந்து, திண்டிவனத்தில் இறங்கித் தனித்தனியாகத்தான் மில்லுக்கு வருவார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில். நான் அங்கே சூப்பர்வைசர்.

முதலாளி என்னை ஒரு ட்ரெயினிங்குக்கு அனுப்பினார். டீம் என்றால் ஒருத்தருக்காக ஒருத்தர் நிற்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அது என் மனசில் நின்றுவிட்டது. திரும்பி வந்து எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் வாங்கிக் கொடுத்தேன். கயிறு இழுக்கும் போட்டி வைத்தேன். பிரியாணி போட்டேன். கை கழுவிக்கொண்டு போனார்கள். மறுநாளே இரண்டு பேர் லீவு.

பிறகு தேவா தொட்டிக்குள் மாட்டினான். அது நிஜமாகவே விபத்து. எங்கள் தொட்டி மாடி உயரம் இருக்கும். ஈரம் பட்டால் உள்ளே மல்லாட்டை கட்டி பிடித்துக்கொள்ளும். ஒருவர் இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் அடியில் மோட்டார் ஓடினால் மல்லாட்டை கீழே சரிந்து ஆளையும் சேர்த்து இழுக்கும். தேவா உள்ளே இருப்பது தெரியாமல் நான் சுவிட்சைப் போட்டுவிட்டேன். கழுத்துவரை போய்விட்டான். அத்தனை பேரும் ஓடிவந்து வெறும் கையால் தோண்டி எடுத்தார்கள். எடை போடுகிற இளவரசிக்கு நகமே பெயர்ந்துவிட்டது. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோரும் அழுதார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஒரே பெட்டியில் வந்தார்கள். யாரும் லீவு போடவில்லை. நான் இத்தனை நாள் தேடியது அதுதான்.

ஆனால் நாளாக ஆக அது கரைந்தது. மணிமாறன் வந்து, "ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனில கூப்பிட்டுக்கினு இருக்காங்க சார், இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்" என்றான். அந்த வாரமே அவன் தொட்டிக்குள் இருந்தபோது சுவிட்சைப் போட்டேன். இடுப்பளவுக்குத்தான். காப்பாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வேலையை விடவில்லை. "நான் போய்ட்டா எனக்குப் பதிலு தேவா இல்ல எறங்கணும்" என்றானாம். அப்படியொரு பாசம்.

முதலாளி பாதுகாப்பு பெல்ட் வாங்கி அனுப்பினார். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இடுப்பில் பெல்ட் இருந்தால் கூட இருக்கிறவர்களை எதற்கு நம்பப்போகிறான்?

அதன்பின் மில்லில் பேச்சுச் சத்தமே இல்லை. ஒரு தகரம் விழுந்தால் எல்லோரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள். பாத்ரூமுக்குக்கூட யாரும் தனியாகப் போவதில்லை.

இளவரசி மட்டும் ஒருநாள் கேட்டாள். "சுவிட்சு உங்க ரூம்ல தான சார் இருக்குது? அது எப்டி தானா ஓடும்?"

"பழைய வயரிங்மா."

பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு யார் தொட்டியில் இறங்கினாலும் அவள் வந்து என் அறை வாசலில் நிற்பாள். பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் மழை பெய்தது. இறங்குவது தேவாவின் முறை.

"இன்னைக்கி வோணாம் சார். காலு நடுங்குது."

"நம்ம ஆளுங்க எல்லாம் இருக்காங்க இல்ல? எறங்குடா."

இறங்கினான். மற்றவர்களை டீ குடிக்க அனுப்பினேன். இளவரசி தயங்கினாள். "நான் இங்கியே நிக்கிறேன் சார்."

"ஜல்தி குடிச்சிட்டு வாம்மா" என்று அவளையும் அனுப்பினேன். அவர்கள் பக்கத்தில் இல்லாதபோதும் டீம் டீமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சுவிட்சைப் போட்டேன்.

"சார், மோட்டாரு ஓடுது சார்" என்றான் தேவா. மரியாதையான பையன். அப்புறம்தான் கத்தினான். டீக்கடையிலிருந்து ஓடிவந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வந்ததும் நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மணிமாறன் வழியில் வழுக்கி விழுந்து, நொண்டிக்கொண்டு கடைசியில் வந்தான். அவன் கேட்டுக்குள் கால் வைத்ததும் நிறுத்திவிட்டேன். அவன் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் தேவாவின் உயிர் போய்விட்டது.

ஆமாம் மேடம், நான்தான் போட்டேன். வயரிங்கில் ஒன்றும் கோளாறு இல்லை. தேவாமேல் எனக்குக் கோபமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள். பிணம் எடுக்கிற அன்று பூமாலை வாங்கிக்கொண்டு தேவாவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பந்தலுக்கடியில் கைகோத்து நின்றிருந்தார்கள். ஆறுதல் சொல்லலாம் என்று கிட்டே போனேன். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். யாரும் சொல்லாமல், ஒருத்தர் பாக்கி இல்லாமல், ஒரே நேரத்தில். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். என் டீம் அது.