மெஷின மாத்தாத மச்சான்

இரவு ஒன்றேகால் மணி. நம் தீவில் கொரோவூ ஊரைத் தாண்டி ராகிராகிக்குப் போகும் கிங்ஸ் ரோடு. மழை விட்டிருந்தது... மலைச்சரிவில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும். முன்னாலும் விளக்கில்லை, பின்னாலும் விளக்கில்லை. சாகியூசா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

தனியாக என்றா சொன்னேன்? பக்கத்து இருக்கையில் அவனுடைய ஸ்டூடியோ கம்ப்யூட்டர் இருந்தது. பிள்ளையை உட்கார வைப்பதுபோல் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தான்.

இதை எனக்குச் சொன்னவர் பேஸ் கிட்டார் மோசேசே. சாகியூசா அவருக்குச் சகலை. யங்கோனா வேர்ச்சாற்றுச் சட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்கள். நம் மெஷினில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றலாமா, வேண்டாமா என்று சாயங்காலத்திலிருந்து அடித்துக்கொள்கிறீர்களே... இதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

சாகியூசாவும் விலிகேசாவும் மச்சான்மார். ஒருவன் பதிவு செய்வான், ஒருவன் பாடுவான். விலிகேசா பாடினால் கடலுக்குப் போகிறவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான். சாகியூசாவுக்கும் பாட ஆசைதான். ஆசைக்கு ஏற்ற தொண்டைதான் இல்லை.

"மச்சான், நீ வாயத் தொறந்தா வலையில கெடக்குற மீனு உசுரோட கருவாடாயிடும்டா."

"நீ மொதல்ல போய்ச் சேரு. அப்புறம் இந்த ஊர்ல நான்தான் பாட்டுக்காரன்."

"நான் செத்தாலும் ஒன்னப் பாட விடமாட்டேன்டா!"

மச்சான்மார் பேச்சு. எல்லோரும் சிரித்தார்கள்.

விலிகேசாவுக்கு நெஞ்சில் சீக்கு வந்தது. ஈரமான, நீளமான இருமல். முடிகிற நேரத்தில் ஒரு விசில் மாதிரி மூச்சு இழுக்கும். அதோடேயே ஆறு பாட்டுப் பாடிப் பதிவு செய்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கிட்டார் மரத்தில் நகத்தால் இரண்டு தட்டு... டொக், டொக். அது அவன் வழக்கம். ஆறாவது பாட்டு முடிந்ததும் மெஷின் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டினான். 'பாட்டு வெளிய வர்ற வரைக்கும் மெஷின மாத்தாத மச்சான்.' நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. வேலை பாதியில் இருக்கும்போது புது சிஸ்டம் ஏற்றினால், பழைய பதிவு திறக்காமலே போய்விடலாம்.

பத்து நாளில் அவன் போய்ச் சேர்ந்தான்.

நூறு இரவுகள் ஊரில் யாரும் கிட்டாரைத் தொடவில்லை. நூறாவது இரவு விருந்தோடுதான் துக்கம் கலையும். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது விலிகேசாவின் மனைவி லிதியா வந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு மொதல்ல அவரு பாட்டத்தான் போடணும். அவரு கொரலக் கேட்டுட்டுத்தான் ஊரு வாயத் தொறக்கணும்."

"போடாம இருப்பனாம்மா?"

ஆனால் அதற்குள் பாட்டு வெளியிடும் ஆக்லாந்துக்காரன் ஒருவன், சாகியூசா அனுப்பிய துண்டுகளைக் கேட்டு மயங்கியிருந்தான். யார் பாடியது என்று விசாரித்திருந்தான். நான்தான் என்று எழுதிவிட்டான் சாகியூசா. ஊரே கிட்டாரைத் தொடாத அந்த நாட்களில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, விலிகேசா மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, ஆறு பாட்டையும் தன் குரலில் பாடிப் பதிவு செய்தான். பிறகு செத்தவன் குரலை அழித்தான். ஒவ்வொன்றாக... ஆறையும்.

லிதியாவுக்கு என்ன பதில் சொல்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தான். சீட்டைக் கிழித்தான். தலைநகர் சுவாவில் ஒரு கடைக்கு மெஷினைக் கொண்டுபோய்ப் புது சிஸ்டம் ஏற்றினான். அழித்தது அவன் விரல், பழி சிஸ்டத்துக்கு. கடை வாசலிலிருந்தே போன் போட்டான்.

"லிதியா, மோசம் போயிட்டேம்மா. புது சிஸ்டம் ஏத்துனேன்... பழசு எதுவும் தொறக்க மாட்டேங்குது."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

"சீட்டு ஒட்டியிருந்தாரே, அண்ணா."

"அது... எங்கயாவது விழுந்திருக்கும்."

அவள் போனை வைத்துவிட்டாள். அது சாயங்காலம். இப்போது ஒன்றேகால்.

முதலில் வாசனைதான் வந்தது. நாட்டுப் புகையிலையைச் செய்தித்தாளில் சுருட்டி விலிகேசா பற்றவைப்பானே, அந்த வாசனை. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன. சாகியூசா புகை பிடிப்பதில்லை.

அப்புறம்... டொக், டொக்.

இடதுபக்க இருக்கையிலிருந்து. கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றத் தொடங்கியது. ஒயர் எதுவும் செருகவில்லை. 'கிளிக்' என்று பெல்ட் தானாகக் கழன்றது. உடனே வண்டி, பீம்... பீம்... என்று கத்த ஆரம்பித்தது. கனமான ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கத்துமே, அந்தச் சத்தம்.

சாகியூசா திரும்பவில்லை. இடது கன்னத்தில் சூடாக மூச்சுப் பட்டது. திரும்பவே இல்லை.

வீடு வந்து சேர்ந்ததும் மெஷினை இணைத்தான். தான் பாடிய பாட்டைப் போட்டான். கிட்டார் கேட்டது. குரல் வரவேண்டிய இடத்தில்... ஒன்றுமில்லை. ஆறு பாட்டிலும் அப்படித்தான். புது சிஸ்டத்தில் பதிவு போய்விடலாம் என்று கடைக்காரன் எச்சரித்தது சரியாகப் போயிற்று என்று தன்னையே தேற்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

மெஷின் மேல் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. ஈரமாக.

நூறாவது இரவும் வந்தது. பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. மண்ணுக்குள் புதைத்த அடுப்பைத் திறந்த ஆவி, பன்றிக்கறியும் வெந்த இலையுமாக மணத்தது. எல்லோரும் சாகியூசாவைப் பார்த்தார்கள்.

"என்னத்தச் சொல்ல... பதிவெல்லாம் போயிடுச்சு," என்றான். "என் மச்சானுக்காக நானே பாடிடுறேன்."

கிட்டாரை மடியில் வைத்தான். அவன் நகம் மரத்தில் தட்டியது. டொக், டொக். அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

வாயைத் திறந்தான்.

விலிகேசாவின் குரல் வந்தது.

விலிகேசாவின் கிழட்டு நாய் எழுந்து வந்து, வாலாட்டிக்கொண்டு சாகியூசாவின் காலடியில் படுத்தது. அவன் வாயை மூடப் பார்த்தான், முடியவில்லை. கண்கள் கெஞ்சின. தொண்டை தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. லிதியா அழவில்லை. தன் பாயை இழுத்துக்கொண்டு வந்து அவன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு பாட்டும் முடிகிறவரை கண்ணிமைக்கவில்லை.

அன்றிலிருந்து சாகியூசாவுக்குச் சொந்தக் குரல் இல்லை. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாலும் பாட்டுத்தான் வருகிறது. அதனால் வாயையே திறப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்ததும், கக்கத்தில் பாயோடு லிதியா வந்துவிடுகிறாள். எதிரில் விரித்து உட்காருகிறாள்.

"பாடுங்க, அண்ணா."

மாட்டேன் என்று அவன் தலையை ஆட்டுவான். கை தானாக எழும். டொக், டொக்.

மோசேசே போன மாதம் போயிருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் சாகியூசா இருமினானாம். ஈரமான, நீளமான இருமல்... கடைசியில் விசில் மாதிரி ஒரு மூச்சு. அந்த இருமல் அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

"லிதியா... இவன டாக்டர்கிட்டக் காட்டணும்மா."

லிதியா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்து, அவன் உதட்டோரத்து ரத்தத்தை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

"அடுத்த பாட்டு, அண்ணா."